இடிந்து போகாத பாதை

அந்தக் கடற்கரையில் ரேடியோ அக்காவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியவராக இருக்க வேண்டும். ஐம்பத்தாறு வயது, குள்ள உருவம். கணுக்கால் தெரிய மடித்துவிட்ட கால்சட்டை, கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, துணித் தொப்பி, கழுத்தில் கம்பெனி கொடுத்த மஞ்சள் அடையாள அட்டை. ஆள் இவ்வளவுதான். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு அந்தக் கரை போதாது. ரேடியோ என்று பெயர் வைத்தவர் சாட்சாத் அவருடைய கணவரேதான், அதுவும் கல்யாணமான மூன்றாம் நாளே. "நிறுத்தற பட்டன் எங்க இருக்குன்னு உங்க வீட்ல கேட்டுட்டு வந்திருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அக்காவின் வேலை நடப்பது. ஊர் பார்க்க வருகிறவர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகச் சேர்த்துக்கொண்டு, பழைய துறைமுகத்தில் தொடங்கி, இடிந்த கோட்டை, முனை, கலங்கரை விளக்கம் என்று கடலை ஒட்டியே நான்கு நாள் நடத்திக் கூட்டிப்போவார். அவர்களுடைய பெட்டிகள் வேனில் ஏறி அடுத்த விடுதிக்கு முன்னாலேயே போய்விடும். அந்த வேனுக்குச் சொந்தக்காரரும் டிரைவரும் அக்காவின் கணவர். "பொண்டாட்டி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, நீங்க மூட்டை சுமக்கறீங்களா?" என்று யாராவது கிண்டல் செய்தால், "வீட்லயும் அதே ஏற்பாடுதாங்க" என்பார்.

காற்று வாங்கிக்கொண்டே சம்பளமும் வாங்குகிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், செய்து பார்க்கட்டும். புது ஷூ போட்டுக்கொண்டு வந்தவருக்கு முதல் நாள் மதியமே குதிகாலில் கொப்புளம் வரும். போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று ஒருவர் பாறை விளிம்பை நோக்கிப் பின்பக்கமாகவே நடப்பார். இன்னொருவர் குளிர்பானப் பாட்டிலைத் தவிர வேறு தண்ணீரே கொண்டுவந்திருக்க மாட்டார். அக்கா யாரையும் திட்டுவதில்லை. கதை சொல்லியே நடத்திவிடுவார். ரொம்ப மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, தான் கடைசியில் வருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் தொப்பிகளை எண்ணுவார். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் அடியும் எண்ணுவார். எந்தத் திருப்பத்துக்கு எத்தனை அடி என்பது அவருக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருஷத்தில் பன்னிரண்டு பேரோடு போய்ப் பதினொரு பேரோடு திரும்பியதே இல்லை. அந்த வேலையை அவர் உயிராக நேசித்தார். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இனி அவர் செய்த தப்புக்கு வருவோம்.

முனையிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று, பாறைக்கு மேலே போகும் தார் ரோடு. இன்னொன்று கீழே, பாறையின் இடுப்பில் வெட்டிய எண்ணெய்ப் பாதை. விளக்கு எண்ணெயில் எரிந்த காலத்தில் எண்ணெய் டின்களைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் அதில்தான் போவார்கள். நூற்றிருபது அடிக்கு ஒருமுறை பாறையில் ஒரு மாடக்குழி குடைந்திருக்கும். டின்னை அதில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, தோள் மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அப்படிப் பதினான்கு மாடக்குழிகள். நடை முழுவதிலும் அக்காவுக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆறாவது மாடக்குழியைத் தாண்டியதும் ஒரு பாறைப் பலகை உடைந்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலை முறித்துக்கொண்டார். அக்காதான் அவரைத் தாங்கிக் கரைசேர்த்தார். மனுஷன் தங்கமானவர். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கட்டுப் பிரித்ததும் நன்றிக் கடிதம்கூடப் போட்டார். ஆனால் அக்காவுக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பாதையின் வாசலுக்குப் போனவர் கீழே இறங்கவில்லை. கூட்டத்தை அப்படியே மேல் ரோட்டில் திருப்பிவிட்டார். "கீழே ஏதோ பாதை இருக்குன்னு சொன்னாங்களே?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. "அது இடிஞ்சு கடல்ல விழுந்துடுச்சுங்க" என்றார்.

அதோடு விட்டாரா? ரேடியோ ஆயிற்றே! அடுத்த மாதம் அந்தக் கதையில் ஒரு புயல் வந்தது. அதற்கடுத்த மாதம் பாறை சரிந்த சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. ஒரு வருஷத்துக்குள், பாதை போன துக்கத்தில் கலங்கரை விளக்கத்து ஊழியர் ஒருவர் ஏழு நாள் சாப்பிடாமல் கிடந்தார். கேட்டவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேனேஜர் ஒருநாள் கூட வந்து கேட்டு, சொக்கிப்போய், கம்பெனியின் வழிகாட்டிக் கையேட்டிலேயே அச்சடித்துவிட்டார்: 'புயலில் அழிந்த எண்ணெய்ப் பாதையின் நினைவாக இவ்விடத்தில் ஒரு நிமிட மௌனம்.'

அழிந்ததாவது, மண்ணாவது! அந்த மௌனம் நடக்கிற அதே நிமிடத்தில், காலுக்குக் கீழே, பாறை மறைக்கிற அந்தப் பாதையில், ஐஸ் கம்பெனிப் பெண்கள் இருபத்து மூன்று பேர் பகல் ஷிப்ட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். முனைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் குடியிருப்பவர்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்கு அவர்களுக்கு இருபது நிமிஷ நடை. அவர்களில் ஒருத்தி அக்காவின் சொந்தத் தங்கச்சி. "மேல நமக்கு மௌனம் அனுசரிக்கறாங்கடி, கீழ நாம கத்தாம போகணும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லோருக்கும் அது ஒரு தமாஷாகவே இருந்தது.

ரிசார்ட் வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாறை மேல் கட்டடம் எழும்பியது, வேலி எழும்பியது, எண்ணெய்ப் பாதையின் முனைப்பக்கத்து வாசலில் ஒரு இரும்புக் கேட்டும் பூட்டும் வாட்ச்மேனும் வந்தார்கள். பெண்கள் நகராட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். நேரில் பார்க்க ஒரு சர்வே அதிகாரி வருவதாக ஆயிற்று. மூன்றாம் நாள் நடைக்கு ரிசார்ட்டிலேயே மதியச் சாப்பாடு என்று மேனேஜர் அவர்களோடு ஏற்பாடு செய்துகொண்டதும் அந்தச் சமயத்தில்தான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அது நடையின் இரண்டாம் நாள். கூட்டத்தை முனை விடுதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டே அறை. வாசலில் வேன், உள்ளே அதன் ஸ்டெப்னி டயர், அதன் மேல் காய்ந்துகொண்டிருந்த சாக்ஸ். தங்கச்சி ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வாடி, உக்காரு. காபி போடறேன்."

"காபி ஒண்ணும் வேணாம். இதைப் படி." கையேட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். "இது நீ சொன்னதுதானே?"

அக்கா பார்த்தார். மௌனம் பக்கம். "சும்மா சுவாரசியத்துக்குச் சொன்னதுடி. உனக்குத் தெரியாதா?"

"சுவாரசியமா? என் காலைப் பாரு. முன்ன இருபது நிமிஷம். இப்ப மேல் ரோட்ல மலையைச் சுத்தி ஒண்ணேகால் மணி நேரம். போகவும் ஒண்ணேகால், வரவும் ஒண்ணேகால். நடுவுல எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணியில நிக்கற காலு இது." பாதம் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் வெளுத்திருந்தது. "தினம் நடந்த வழின்னு இருபத்தி மூணு பேரும் சொல்லியாச்சு. 'இடிஞ்சு போன வழியில எப்படிம்மா நடந்தீங்க? நீங்க நடந்தது எங்க எடத்துல நீங்களா போட்டுக்கிட்ட ஒத்தையடிப் பாதை'ங்கறான் அந்த ரிசார்ட்காரன். அத்தாட்சி கேட்டா இந்தப் புஸ்தகத்தை நீட்டறான். எங்க வாய்ப் பேச்சு எடுபடல. உன் பேச்சுதான் அச்சுல ஏறி உக்காந்திருக்கு."

"நான் வந்து சொல்றேண்டி."

"என்னன்னு சொல்லுவ? ஒம்பது வருஷமா புளுகினேன்னா? சொன்னா அந்த அட்டை உன் கழுத்துல இருக்குமா? சும்மா ஆறுதலுக்கு ஏதாவது சொல்லாத அக்கா. எனக்கு எரிச்சலா வருது."

பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டால் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து சர்க்கரை டப்பா கேட்கிறவள் அன்று திரும்பி வரவில்லை.

கணவர் ஸ்டெப்னியின் மேலிருந்து சாக்ஸை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "அவ கோவம் நியாயம்தான். ஆனா நீ வாயைக் கொடுத்து மாட்டிக்காத. கைடு பொய் சொன்னதா எழுத்துல வந்துச்சுன்னா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுடும், கம்பெனி ரூல் உனக்கே தெரியும். இன்னும் நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டோம்னா போதும்."

"எனக்கு வெக்கமா இருக்குங்க."

"எனக்குப் பயமா இருக்கு. நான் ஒளிச்சா பேசறேன்?"

"இந்த வேலையை விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க. வாயும் காலும்தான் தெரியும்." அக்கா அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, மறுநாளைக்கான பிளாஸ்திரி, பஞ்சு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் அடுக்கினார். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே அப்போது தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் முனைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். மூன்று நாளாக எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தவர். கோட்டைச் சுவர் உயரம் போதாது, கடல் போட்டோவில் இருந்த நீலத்தில் இல்லை, படுக்கை மெத்தென்று இல்லை. அவர்தான் முதலில் பார்த்தார். "அங்க என்ன கூட்டம்?"

கேட் பக்கத்தில் சர்வே அதிகாரி நின்றிருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, தோளில் டேப், கையில் அட்டையும் பேனாவும். பக்கத்தில் ரிசார்ட்காரர். அவர் பக்கத்தில், கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புது ஷூவும் இஸ்திரி மடிப்புமாக அக்காவின் மேனேஜர். கொஞ்சம் தள்ளி, அன்றைய ஷிப்ட்டுக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்த தங்கச்சி. அக்காவைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் வேகமாக எதிரே வந்தார். "அக்கா, இங்க நிக்க வேணாம். குரூப்பை மேல ரோட்ல கூட்டிட்டுப் போங்க. மௌனத்தை முடிச்சுட்டு நேரா சாப்பாட்டுக்கு."

மௌனம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அக்காவுக்குள் ஏதோ சுருக்கென்றது. அந்தப் பக்கம் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. காலில் பூட்ஸுக்குப் பதில் செருப்பு, அதன் வார் வீக்கத்தில் புதைந்திருந்தது. அக்கா மேனேஜரைச் சுற்றிக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனார்.

"மேடம், அந்தப் புஸ்தகத்துல பாதை இடிஞ்சுடுச்சுன்னு இருக்கே, அது பொய். சொன்னவ நான்தான். ஒம்பது வருஷமா வாரத்துக்கு ஒரு தடவை சொல்லியிருக்கேன். புயல் வரல, சத்தம் கேக்கல, யாரும் பட்டினி கிடக்கல. ஒரு பெரியவர் கால் முறிஞ்சதுல எனக்குப் பயம் வந்துடுச்சு. பயம்னு சொல்லிக்க வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சுதாரித்துக்கொண்டார். இந்த மாதிரி ஆட்கள் சுதாரித்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். "மேடம், ஒம்பது வருஷமா பொய் சொன்னதா அவங்களே ஒத்துக்கறாங்க. இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்றாங்கன்னு எப்படி நம்பறது? அவங்க கூடப்பிறந்த தங்கச்சி ஐஸ் கம்பெனியில வேலை பாக்கறாங்க, அதையும் எழுதிக்கங்க." அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் வேன் ஓடறதும் நம்ம கம்பெனிக்குத்தான்கறதை மறந்துட்டீங்களாக்கா?" என்றார்.

"மறக்கல சார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் அக்கா.

அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அவர் கேக்கறது சரியான கேள்விதான்மா. உங்க பேச்சை நான் எப்படி எடுத்துக்கறது?"

"எடுத்துக்க வேணாம் மேடம். என் வாயை யாரும் நம்ப வேணாம், அது நம்பற மாதிரி நடந்துக்கல. கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. நூத்திருபது அடிக்கு ஒரு மாடக்குழி, மொத்தம் பதினாலு, எல்லாம் பாறையில வெட்டினது. இந்தப் பொண்ணுங்க நேத்து வந்து மிதிச்சுப் போட்ட ஒத்தையடிப் பாதைன்னா பாறையில குழி இருக்காது. நான் அடி எண்ணி நிக்கறேன். நின்ன எடத்துல குழி இருக்கா இல்லையான்னு நீங்க பாருங்க."

பிறகு தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க யாரும் வர வேணாம். ஒம்பது வருஷமா இதுல நான் கால் வைக்கல. எனக்கே தெரியாத பாதையில உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். இங்கயே நிழல்ல உக்காருங்க, யாரும் விளிம்புப் பக்கம் போகக் கூடாது."

"நான் வர்றேன். இவங்க மறுபடியும் புளுகினா யாராவது சாட்சி வேணுமில்ல?" என்று பல் டாக்டர் எழுந்தார். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. சரி, என் பின்னாடியே, நான் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும் என்று சொல்லி அக்கா அவரைச் சேர்த்துக்கொண்டார்.

கேட் திறந்தது. அக்கா முன்னால் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தார், அதுவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. நூற்றிருபதாவது அடியில் நின்று, வலது பக்கத்துப் புதரைக் கையால் விலக்கினார். கொடியும் முள்ளுமாக மூடிக் கிடந்ததற்குப் பின்னால் ஒரு மாடக்குழி. ஒரு டின் வைக்கிற அளவு. உளி விழுந்த கோடுகள் அப்படியே இருந்தன. அதிகாரி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, டேப்பைப் பிடித்து, ஏதோ எழுதிக்கொண்டார்.

இரண்டாவது இருந்தது. மூன்றாவது இருந்தது. "தினம் இதைத் தாண்டித்தான் போனோம், இப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது மேடம்" என்று தங்கச்சி பின்னாலிருந்து சொன்னாள். நான்காவதில் கோபித்துக்கொண்டு ஒரு பறவை வெளியே பறந்தது. மேனேஜர் புது ஷூ கடிக்கக் கடிக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஆறாவதைத் தாண்டியதும் அந்த இடம் வந்தது. பாறைப் பலகை உடைந்த இடைவெளியில், ஐஸ் கம்பெனிப் பெண்கள் ஒரு பழைய ஐஸ் பெட்டியின் இரும்புக் கதவைப் போட்டுப் பாலமாக்கியிருந்தார்கள். கைப்பிடிகூடக் கழற்றப்படவில்லை. கீழே எங்கோ தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் போட்ட கத்தல் அக்காவின் காதில் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"பாத்தீங்களா, இடிஞ்சிருக்கு!" என்றார் ரிசார்ட்காரர் சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷம்தான் அக்காவைத் தள்ளிவிட்டது. போடா போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கதவின் மேல் கால் வைத்தார். ஒரு காலோடு இன்னொரு காலைச் சேர்த்து வைத்து, தத்தக்கா பித்தக்கா என்று தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். அதிகாரி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தானும் தாண்டினார். "ரெண்டரை அடி. இதுக்குப் பேரு பழுது சார். இடிஞ்சதுன்னு எழுத மாட்டாங்க."

அக்கா எண்ணிக்கொண்டே போய் நூற்றிருபதில் நின்றார். கொடியை விலக்கினார். வெறும் பாறை. இந்தப் பக்கம் விலக்கினார், அந்தப் பக்கம் விலக்கினார், இல்லை. மேனேஜர் மெல்லக் கனைத்தார். "நான் சொன்னேனே மேடம்." தங்கச்சி, "அக்கா, நல்லாப் பாருக்கா" என்றாள்.

அக்கா பாறையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பியதும், என்ன நினைத்தாரோ, பக்கென்று சிரித்துவிட்டார்.

"பயத்துல அடி சின்னதாயிடுச்சு மேடம்! அந்தக் கதவு மேல நான் நடந்த லட்சணத்தைப் பாத்தீங்களே, அதையும் அடின்னு எண்ணிட்டேன் பாருங்க. இன்னும் எட்டு அடி போகணும்."

எட்டு அடி போனார். கொடியை விலக்கினார். ஏழாவது மாடக்குழி இருந்தது, அடியில் காய்ந்த எண்ணெய்க் கறை இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் குனிந்து, வழக்கமாக வாய்க்குள் பார்ப்பதைப்போல் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க" என்றார். மூன்று நாளில் அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பதினான்காவதைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்து முற்றத்துக்கு வந்தபோது, பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு அக்காவின் கணவர் வேனோடு நின்றிருந்தார். மேல் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், பெண்டாட்டி கீழேயிருந்து ஏறி வருவதைக் கண்டதும் எல்லாம் புரிந்துகொண்டார். ஐஸ் கம்பெனியில் மதிய இடைவேளை. பூட்ஸும் ஈர ஏப்ரனுமாகப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். "பாதை இருக்கு, நடக்க முடியுது, அளந்தாச்சு. ஆனா அச்சுல இருக்கறதை இல்லைன்னு ஆக்கணும்னா, நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

"போட்டாங்கன்னா இந்த நிமிஷத்தோட வேலை இல்ல" என்றார் மேனேஜர். "கம்பெனி மானம் போகுது. நல்லா யோசிச்சுக்கங்க அக்கா. இருபத்திரண்டு வருஷம்."

அக்கா கணவரைப் பார்த்தார். நேற்று அவர் சொன்னது எல்லாம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது, பயம் உள்பட. ஆனாலும் அவர் வேன் பானெட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டு, "இது மேல வச்சு எழுது. கையெழுத்துத் தெளிவா இருக்கட்டும்" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "வேன் என்னோடது சார். இந்த ஊர்ல மூட்டை வேற யாருகிட்டயும் இல்லாமயா போயிடும்?" என்றார்.

அக்கா எழுதினார். எழுதியதைச் சும்மா கொடுத்துவிடவும் இல்லை. ரேடியோ ஆயிற்றே, முற்றம் முழுக்கக் கேட்க உரக்கப் படித்தார்: 'எண்ணெய்ப் பாதை இடிந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். பயத்தினால் சொன்னேன். பாதை இருக்கிறது. இன்று நடந்தேன்.' கையெழுத்துப் போட்டார். மேனேஜர் கையை நீட்டினார். அக்கா அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "முனையில பதினோரு பேர் நிழல்ல உக்காந்திருக்காங்க சார். மேல் ரோட்ல மெதுவாக் கூட்டிட்டு வாங்க. பச்சைத் தொப்பி போட்டவருக்குக் குதிகால்ல கொப்புளம், அவரை முன்னால விடுங்க" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பல் டாக்டர். "அப்ப மூணு நாளா எங்களுக்குச் சொன்னது எல்லாமே புளுகுதானா?"

"கோட்டைக் கதை பாதி" என்றார் அக்கா. "துறைமுகம் முழுக்க நிஜம்."

கூட்டம் கலைந்த பிறகு தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பு, கட்டிப்பிடிப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தில் பழக்கமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஐஸ் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து எங்களுக்கெல்லாம் காலைல ஆறு மணி ஷிப்ட். வாய் பேசாம வேலை செய்யத் தெரியுமா உனக்கு?"

"வேலை செய்வேன்" என்றார் அக்கா. "மத்ததுக்கு உத்தரவாதம் இல்ல."

முடிவு வரும்வரை கேட்டைப் பூட்டக் கூடாது என்று அதிகாரி மறுநாளே உத்தரவு கொடுத்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கியது. நாற்காலியில் இருந்த வாட்ச்மேன், முன்னால் வந்து நின்றவரை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்ததையும் கழுத்து காலியாக இருந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

"என்னக்கா, இவ்வளவு காலைல? குரூப் எங்க?"

"பின்னாடி பாரு, நிக்குது" என்றார் ரேடியோ அக்கா. "என்னையும் சேத்து இருபத்தி நாலு பேரு. சாவியை எடு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு."